பரிசோதனை உளவியல், பயன்பாட்டு உளவியல் மேற்படிப்பு: கேள்வியிலிருந்து சேர்க்கை வரை

உளவியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலோர் மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும், அவர்களுக்கு உதவ வேண்டும் என்றே சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பரிசோதனை உளவியலின் வாசலில் அது மட்டும் செல்லுபடியாகாது. எதை அளக்கப் போகிறீர்கள், எப்படி அளக்கப் போகிறீர்கள், இதுவரை எதையாவது அளந்து முடித்திருக்கிறீர்களா என்பவையே அங்கே கேட்கப்படும் கேள்விகள். இந்த மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய நிலைக்குத் தமிழ்நாட்டில் இளநிலை படிக்கும் ஒரு மாணவர் எப்படி வந்து சேர்வது என்பதைத்தான் இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

முதற்படி: இது எந்தத் துறை என்று தெளிவாவது

பரிசோதனை உளவியலும் பயன்பாட்டு உளவியலும் வெவ்வேறு கிளைகளாகப் பாடத்திட்டத்தில் தோன்றினாலும் இரண்டும் ஒரே மரபில் வந்தவை. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் நிறுவினார். அவரிடம் பயின்ற ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின், விபத்து நேராமல் டிராம் ஓட்டக்கூடியவர்களை முன்கூட்டியே அடையாளம் காணும் சோதனைகளை அதே ஆய்வுக்கூட முறையில் வடிவமைத்தார். அவரிடம் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா, 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிசோதனை உளவியல் துறைக்குப் பொறுப்பேற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-இல் உருவானது.

டிராம் ஓட்டுநருக்கான அந்தச் சோதனையின் வாரிசு நம் ஊரிலேயே இருக்கிறது. ரயில்வே உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் ஓட்டுநர்) தேர்வு எழுதியவர் யாராவது உறவில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியவர்கள் கணினி வழித் திறனறி சோதனை ஒன்றையும் எழுத வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 என்ற டி-மதிப்பெண் பெற்றாக வேண்டும். டி-மதிப்பெண்ணில் சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) 10. ஆகவே 42 என்பது சராசரிக்குத் திட்ட விலக்கத்தில் 0.8 பங்கு கீழே உள்ள ஓர் எல்லை. அந்த எல்லையை எங்கே வைப்பது, அதைத் தாண்டியவர்கள் உண்மையிலேயே பாதுகாப்பாக ஓட்டுகிறார்களா என்று ஆராய்வது பயன்பாட்டு உளவியலின் வேலை. கவனம் ஏன் சிதறுகிறது என்று ஆராய்வது பரிசோதனை உளவியலின் வேலை. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை ஆராயும் டெல்லியின் பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம், நிறுவனங்களில் ஆள்தேர்வு, செயலிகளைப் பயன்படுத்துவோரின் நடத்தை குறித்த ஆய்வு, சாலைப் பாதுகாப்பு என்று இந்தத் துறையின் பணியிடங்கள் விரிகின்றன.

நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பது உங்கள் விருப்பம் என்றால் இது உங்கள் பாதை அன்று. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற வேண்டும். அந்த மன்றம் ஏற்றுக்கொண்ட படிப்புகளில் மட்டுமே அதற்கான பயிற்சி கிடைக்கும். 'பயன்பாட்டு உளவியல்' என்ற பெயரைப் பார்த்து முதுநிலையில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில்தான் அந்தப் பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தராது என்று அறிபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சேர்வதற்கு முன்பே பாடத்திட்டத்தை வரவழைத்துப் படித்துவிடுவது நல்லது. பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் ஓரிடத்தில் நிறுவன உளவியலும் மற்றோரிடத்தில் ஆலோசனை உளவியலும் நடத்தப்படுகின்றன.

இரண்டாம் படி: ரெக்கார்டு நோட்டைத் தாண்டி ஒரு பரிசோதனை

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. உளவியல் படித்தவர்கள் எல்லோரும் செய்முறை வகுப்பில் முல்லர்-லயர் கோட்டு மயக்கத்தை (முனையிலுள்ள அம்புக்குறிகளால் ஒரே நீளக் கோடுகள் வேறு நீளமாகத் தெரிவதை) அளந்திருப்பார்கள். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைந்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த தோழியே பங்கேற்பாளர்; கிடைத்த எண் எதிர்பார்த்தபடி வராவிட்டால் அது ரெக்கார்டில் ஏறும்போது ஒழுங்காகிவிடும். வெளித்தேர்வாளர் கையெழுத்து போட்டதும் அந்தப் பரிசோதனை முடிந்தது. இந்தப் பழக்கத்தை நாம் சிரித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் உலக அளவில் உளவியலைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக உலுக்கி வருவது இதே பழக்கத்தின் பெரிய வடிவம்தான். 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில், மதிப்புமிக்க இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைத் தந்திருக்க, மறு ஆய்வுகளில் 36 விழுக்காடே அப்படி முடிந்தன. அதற்குப் பின் இந்தத் துறையில் ஒரு மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகளே மாறிவிட்டன. முடிவு எப்படி வந்தாலும் அதை மறைக்காமல் எழுதும் பழக்கம் இன்று ஒரு தகுதி.

ஆகவே இளநிலையின் இறுதி ஆண்டிலோ முதுநிலையின் முதல் ஆண்டிலோ, சிறியதானாலும் முழுமையான ஒரு பரிசோதனையைச் செய்து முடியுங்கள். எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்கிறேன். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை நிற எழுத்தில் காட்டி, எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாம் தடுமாறுகிறோம். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட ஆய்வால் பெயர் பெற்ற விளைவு இது. தமிழும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்ச் சொல் அதிகம் இடையூறு செய்யுமா, ஆங்கிலச் சொல்லா? பள்ளியில் எந்த மொழியில் படித்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறுமா? இருமொழியாளர்களைப் பற்றிய இத்தகைய ஆய்வுகள் பிற மொழிகளில் நிறைய உண்டு என்பதால், ஒப்பிட்டுப் பேச அடித்தளமும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் செய்வதால் உங்கள் பங்கும் இருக்கிறது.

கேள்வி கிடைத்ததும் எத்தனை பேர் தேவை என்று கணக்கிட வேண்டும். விளைவின் அளவு நடுத்தரமானது, அதாவது 0.5 திட்ட விலக்கம், என்று எடுத்துக்கொண்டு, ஐந்து விழுக்காட்டுப் பிழை எல்லையில் 80 விழுக்காடு கண்டறியும் திறன் (உண்மையில் இருக்கும் விளைவைத் தவறவிடாமல் காணும் வாய்ப்பு) வேண்டுமென்றால், ஒரே நபர் இரு மொழிகளிலும் செய்யும் வடிவத்துக்கு 34 பேர் போதும். தமிழ்வழி மாணவர்கள், ஆங்கிலவழி மாணவர்கள் என்று இரு குழுக்களை ஒப்பிடுவதானால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். 30 பேர் இருந்தால் போதும் என்று நம் கல்லூரிகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களை நீங்களே ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

கருவிகளுக்குப் பணம் தேவையில்லை. பரிசோதனையை அமைக்க சைக்கோபை, இணையத்தில் நடத்த ஜேஎஸ்சைக், பகுப்பாய்வுக்கு ஆர் அல்லது ஜாஸ்ப் ஆகிய அனைத்தும் இலவசமே. மடிக்கணினி விசைப்பலகை எதிர்வினை நேரத்தில் சில மில்லி நொடிகளைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே கணினியில் ஒரே நபரின் இரு நிலைகளை ஒப்பிடும்போது அந்தத் தாமதம் இரு பக்கமும் சராசரியாக ஒரே அளவில் சேர்வதால், மாணவர் ஆய்வுக்கு அது தடையாகாது. தமிழ் எழுத்துரு திரையில் உடைந்து தெரிகிறதா, இரு மொழிச் சொற்களும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் தெரிகின்றனவா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

தரவு திரட்டுவதற்கு முன் மூன்று காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறுவது முதலாவது. குழு இல்லாத கல்லூரியென்றால் துறைத்தலைவர் வழியாக அருகிலுள்ள பல்கலைக்கழகத்தை அணுகிக் கேளுங்கள். பங்கேற்பாளருக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் படிவம் தயாரிப்பது இரண்டாவது. கருதுகோளையும், எந்தத் தரவை விலக்குவீர்கள் என்பதையும் (எடுத்துக்காட்டாக, 200 மில்லி நொடிக்குக் குறைவான பதில்கள்), எந்தப் புள்ளியியல் சோதனை செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி, ஓஎஸ்எஃப் போன்ற திறந்த அறிவியல் தளத்தில் தேதியுடன் பதிவு செய்வது மூன்றாவது. இந்த மூன்றாவதைச் செய்திருக்கும் இளநிலை மாணவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு. விண்ணப்பத்தில் அது ஒரே வரிதான், ஆனாலும் படிப்பவர் அந்த வரியில் நிற்பார். விளைவு எதுவும் கிடைக்கவில்லை என்று ஆய்வு முடிந்தாலும் கவலைப்பட வேண்டாம். ஏன் கிடைக்கவில்லை என்பதை இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவரையே நல்ல ஆய்வுக்கூடங்கள் தேடுகின்றன.

மூன்றாம் படி: புள்ளியியல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் குறுக்குவழி கிடையாது. திட்ட விலக்கம், டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, பின்னடைவுச் சமன்பாடு, நம்பிக்கை இடைவெளி ஆகியவற்றைச் சூத்திரமாக மட்டுமன்றிப் பொருளோடும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஆர் மொழியில் ஒரு தரவுத் தொகுப்பைத் திறந்து, சுத்தம் செய்து, வரைபடம் வரையத் தெரிந்தால் முதுநிலைக்குப் போதும். பொறியியல், கணிதம், கணினி அறிவியல் படித்துவிட்டு உளவியலுக்கு வர விரும்புவோருக்கு இங்கேதான் சாதகம். மனம் எப்படி அறிகிறது, சிந்திக்கிறது என்று ஆராயும் அறிதிறன் அறிவியல் துறைகள் அவர்களை விரும்பி ஏற்கின்றன. அவர்கள் படிக்க வேண்டியது நினைவு, கவனம், புலனுணர்வு, கற்றல் பற்றிய அடிப்படைப் பாடங்களை.

நான்காம் படி: இந்தியாவில் முதுநிலை

புதுவைப் பல்கலைக்கழகம், திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம் ஆகிய இடங்களில் பயன்பாட்டு உளவியலில் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு (சியுஇடி-பிஜி) வழியே சேர்க்கை நடக்கிறது. கொள்குறி வினாக்கள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானதற்கு ஒன்று கழிக்கப்படும். நான்கு விடைகளில் ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தாலே ஊகித்து எழுதுவது கணக்குப்படி இலாபம்.

பரிசோதனைப் பக்கம் உறுதியாகச் செல்ல நினைப்பவர்கள் உளவியல் துறைகளோடு நிற்காமல் அறிதிறன் அறிவியல் துறைகளையும் பார்க்க வேண்டும். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிதிறன் அறிவியல் மையம், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் நரம்பு மற்றும் அறிதிறன் அறிவியல் மையம், காந்திநகர், கான்பூர், டெல்லி ஐ.ஐ.டி.க்கள் ஆகியவற்றில் கண் அசைவு, மூளை மின்னலை போன்றவற்றை அளக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. இவற்றுக்கான தகுதியும் தேர்வு முறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சேர்க்கை அறிவிப்பை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். பயிற்சி மையங்களின் காணொளிகளில் பழைய ஆண்டின் விதிகளே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓரிடத்தை மதிப்பிட நான் பார்ப்பது கட்டடத்தையோ தரவரிசையையோ அல்ல. கடைசி இரண்டு ஆண்டுகளில் அங்கே முதுநிலை மாணவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எல்லாமே இரண்டு வினாநிரல்களின் மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவு (ஒன்று மாறும்போது மற்றதும் மாறுகிறதா என்ற தொடர்பு) காணும் ஆய்வுகளாக இருந்தால், அங்கே பரிசோதனை செய்யக் கற்றுத்தரும் ஆசிரியர் இல்லை என்று பொருள். தொலைநிலைக் கல்வியில் பெறும் முதுநிலை வேலையில் இருப்போருக்கு வசதியானதே, ஆனால் ஆய்வுக்கூடப் பழக்கத்தை அதற்கு வெளியே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: இந்தியாவில் முனைவர் பட்டம்

தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டின் உளவியல் தாள் இங்கே முதன்மையான வாசல். முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மூன்று மணி நேரம். இளநிலை ஆய்வு நல்கை பெறுவோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் 2023 முதல் வழங்கப்படுகின்றன. நல்கை கிடைக்காதவர்களும் நெட் மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வகை 2024-இல் வந்துவிட்டது. அதில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை. நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவர்கள் முதுநிலை இல்லாமலே முனைவர் பட்டத்தில் சேரலாம் என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் தமிழகக் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலையே வழக்கம் என்பதால் நம் மாணவர்களுக்கு முதுநிலை தேவைப்படும். ஐ.ஐ.டி.க்களை விரும்புவோருக்குக் கேட் தேர்வின் கலைப்புலங்கள் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் தாளிலும் உளவியல் பிரிவு உண்டு.

நெட் தேர்வுக்கு மனப்பாடம் உதவும், ஆய்வுக்கு உதவாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மூன்று ஆண்டுகளைத் தேர்விலேயே கழித்துவிட்டு, நேர்காணலில் ஆய்வுத் திட்டம் கேட்கும்போது திகைத்து நிற்பவர்கள் பலர்.

ஆறாம் படி: வெளிநாடு

அமெரிக்காவில் பரிசோதனை உளவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சுமார் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன. மாறாக முதுநிலைக்கு மட்டும் சென்றால் செலவு பெரும்பாலும் நம்முடையது. கடன் வாங்கி முதுநிலை படிப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நம் மூன்றாண்டு இளநிலையை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை, எம்.எஸ்சி. முடித்திருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

அங்கே சேர்க்கை என்பது பல்கலைக்கழகத்தில் சேர்வது என்பதைவிட ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்வது என்பதற்கே நெருக்கமானது. ஆகவே வேலை கோடையில் தொடங்க வேண்டும். உங்கள் கேள்வியோடு தொடர்புள்ள பத்துப் பன்னிரண்டு ஆய்வாளர்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது முழுமையாகப் படியுங்கள். செப்டம்பரில் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அதில் நான்கு செய்திகள் போதும்: நீங்கள் யார், என்ன பரிசோதனை செய்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் கேள்வியைத் தொடுகிறது, வரும் ஆண்டில் புதிய மாணவரைச் சேர்க்கிறாரா. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான பணியால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கி இருநூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெயரை எடுத்துவிட்டால் யாருக்கும் பொருந்தும் கடிதத்துக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வருகின்றன. மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இயைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, சில இன்னும் கேட்கின்றன. உங்கள் பட்டியலில் ஒன்றிரண்டு துறைகள் மட்டுமே கேட்டால், அவற்றை விட்டுவிடுவது மலிவானதா என்று கணக்குப் போடுங்கள். 2023 செப்டம்பர் முதல் அந்தத் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

நோக்க அறிக்கையில் குழந்தைப் பருவத்தையும் உளவியல் மீதான காதலையும் எழுத இடமில்லை. உங்கள் பரிசோதனையின் கேள்வி, அதில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அந்த முடிவில் கண்ட குறை, அங்கிருந்து பிறந்த அடுத்த கேள்வி, அதை இந்த ஆய்வுக்கூடத்தில் ஏன் தொடர வேண்டும் என்ற வரிசையே போதுமானது. பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். பதவியில் பெரியவரான துறைத்தலைவர் "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி" என்று எழுதித்தரும் கடிதத்தைவிட, உங்களோடு உட்கார்ந்து தரவைப் பார்த்த இளம் உதவிப் பேராசிரியர் எழுதுவது மதிப்பு மிக்கது. அவருக்கு ஆறு வாரம் முன்னதாகவே உங்கள் அறிக்கையையும், செய்த வேலைகளின் குறிப்பையும் கொடுங்கள். கடிதத்தை நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்திடுகிறேன் என்று சொல்லும் ஆசிரியரிடம், குறிப்புகளை மட்டும் தருகிறேன் ஐயா, நீங்கள் எழுதினால்தான் அவர்கள் நம்புவார்கள் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

பயன்பாட்டுப் பக்கம் செல்வோர், துறைப் பெயர்கள் அங்கே மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஜார்ஜியா டெக்கில் அதற்குப் பொறியியல் உளவியல் என்று பெயர். வேறு இடங்களில் மனிதக் காரணிகள் அல்லது தொழில்-நிறுவன உளவியல் என்று இருக்கும்.

ஐரோப்பாவின் முறை வேறு. பிரிட்டனில் முதுநிலை ஓராண்டில் முடியும். வேறு துறையிலிருந்து வருவோருக்கு மாற்றுப் படிப்புகளும் உண்டு. நெதர்லாந்தில் ஆய்வு முதுநிலை என்ற இரண்டாண்டுப் படிப்பு பரிசோதனைப் பயிற்சிக்கு மிகச் சிறந்தது என்பது என் கருத்து. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் முனைவர் ஆய்வு பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. முதுநிலை முடித்தவர்கள் அதற்கு வேலைக்கு விண்ணப்பிப்பது போலவே விண்ணப்பிக்கிறார்கள். ஜெர்மனியில் படிக்க விரும்பும் இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் பெற வேண்டும் என்பதால், அதற்கான காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நேர்காணலும் முடிவும்

அமெரிக்க நேர்காணல்கள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் இணையம் வழியே நடக்கும். உங்கள் ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். பிறகு அதன் பலவீனத்தைக் கேட்பார்கள். எதிர்த்து வாதாட வேண்டாம். மீண்டும் செய்தால் எதை மாற்றுவேன் என்று சொல்பவரோடு வேலை செய்வது எளிது என்று அவர்கள் அறிவார்கள். பங்கேற்பாளர்களைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் பேசுங்கள்: உளவியலின் முதன்மை இதழ்களில் வந்த ஆய்வுகளின் பங்கேற்பாளர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் ஜோசப் ஹென்ரிக் முதலானோர் சுட்டிக்காட்டியதிலிருந்து, பிற சமூகங்களில் தரவு திரட்டத் தெரிந்தவர்களின் மதிப்பு கூடியிருக்கிறது. சேலத்திலோ திருநெல்வேலியிலோ 34 பேரை உட்காரவைத்துத் தமிழில் விளக்கி அளந்தது அங்கே ஒரு தகுதியாகவே கொள்ளப்படும்.

நிதியுடன் கூடிய அழைப்பு வந்தால், அதற்கு முன் பதிலைக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற பொது உடன்பாட்டில் இணைந்துள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த இடைவெளியில் அதே ஆய்வுக்கூடத்தில் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். கோடை மாதங்களில் உதவித்தொகை நிற்குமா, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எதிர்வினை நேரத்தை அளக்கப் பழகியவர்தானே நீங்கள்.